டாரன்டுலா தொட்டியின் ஈரப்பதம்: எந்தச் சாமானுக்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

டாரன்டுலா வளர்க்கத் தொடங்குபவர்கள் சிலந்தியோடு சேர்த்து முதலில் வாங்குவது ஈரப்பதமானி. வளர்ப்புக் குறிப்புகளில் ‘70–80 சதவீதம்’ என்று போட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்க்க ஒரு மீட்டர், எண் இறங்கினால் அடிக்க ஒரு ஸ்பிரேயர், அதுவும் போதாவிட்டால் தண்ணீரைப் பனிமூட்டமாக ஊதும் ஃபாகர் என்று பில் ஏறிக்கொண்டே போகும். இவற்றில் பெரும்பாலானவை சிலந்திக்கு எதுவும் செய்வதில்லை. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி, தண்ணீர்க் கிண்ணம், காற்று குறுக்காக ஓடும் பெட்டி ஆகிய மூன்றும் சரியாக அமைந்தால் ஈரப்பதப் பிரச்சினையில் முக்கால்வாசி அங்கேயே முடிந்துவிடும். கடையில் கிடைக்கும் சாமான்களை இந்தக் கணக்கில்தான் இங்கே எடைபோட்டிருக்கிறோம்.

முதலில் அந்தச் சதவீதத்தைப் பார்ப்போம். அது வெப்பநிலையோடு ஏறி இறங்கும் எண். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 30 கிராம். அதே அளவு நீராவி இருக்கும் காற்று 20 டிகிரியில் 80 சதவீதம் காட்டினால், 30 டிகிரிக்குச் சூடானதும் 46 சதவீதம்தான் காட்டும். ஒரு சொட்டும் குறைந்திருக்காது. மதியம் அந்த 46ஐப் பார்த்துப் பதறி ஸ்பிரே அடிப்பார்கள். இரவு அறை குளிர்ந்ததும் அடித்த தண்ணீரெல்லாம் கண்ணாடியில் வழியும், மேல்மண் ஊறும், ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். நாம் பார்த்த அளவில் டாரன்டுலா தொட்டிகள் கெட்டுப்போவதற்கு வறட்சியைவிட இந்தச் சுற்றுதான் அதிகக் காரணம்.

சிலந்தி நீரைப் பெறுவது வாய் வழியாக: கிண்ணத்தில் குடிக்கிறது, இரையின் உடம்பிலிருந்து உறிஞ்சுகிறது. உடம்பின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் தோல் வழியே நீர் அதிகம் போவதில்லை. அடிவயிற்றில் உள்ள இரண்டு ஜோடிப் புத்தக நுரையீரல்கள் (புத்தகத் தாள்போல் அடுக்கடுக்கான மூச்சு உறுப்புகள்) வழியாகத்தான் கணிசமாகப் போகிறது. வறண்ட நிலத்து இனங்கள்கூட வளைக்குள் இறங்கிக்கொள்வது அதனால்தான். மேலே காற்று காய்ந்து கிடந்தாலும் வளையின் அடியில் மண் ஈரம் நிலையாக இருக்கும். தொட்டியிலும் நாம் உருவாக்க வேண்டியது அந்த அடி ஈரத்தைத்தான்.

ஈரப்பதமானிகள்

வட்டமான முள் டயல் மீட்டர்களை வாங்க வேண்டாம். உள்ளே இருப்பது ஈரத்துக்கு நீண்டு சுருங்கும் ஒரு சுருள் பட்டை. 10, 15 சதவீதம் தவறாகக் காட்டுவது அவற்றில் சர்வ சாதாரணம். பட்டன் பேட்டரியில் ஓடும் கறுப்பு நிறக் குட்டி டிஜிட்டல் மீட்டர் பரவாயில்லை. நன்றாக வேலை செய்யும் நிலையிலேயே அதன் பிழை இருபக்கமும் 5 சதவீதம் என்பதை நினைவில் வையுங்கள். எஸ்எச்டி31 சென்சார் உள்ள மீட்டரோ புளூடூத் கருவியோ கிடைத்தால் பிழை 2 சதவீதத்துக்கு அருகில் நிற்கும்.

ஆன்லைன் கடைகளில் எங்கும் கிடைக்கும் எச்டிசி-2 பற்றி ஓர் எச்சரிக்கை. பெரிய திரை, கூடவே நீண்ட ஒயரின் முனையில் ஒரு புரோப். அந்தப் புரோபைத் தொட்டிக்குள் விட்டுவிட்டு ஈரப்பதம் அளக்கிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். புரோப் அளப்பது வெப்பநிலையை மட்டும்தான். ஈரப்பத சென்சார் வெளியே இருக்கும் பெட்டிக்குள் இருக்கிறது. திரையில் நீங்கள் பார்ப்பது உங்கள் அறையின் ஈரப்பதம். அறைக்கு வாங்குவதென்றால் நல்ல கருவி. தொட்டிக்கு இது வேண்டாம்.

எந்த மீட்டர் வாங்கினாலும் உப்புச் சோதனை செய்யாமல் நம்பக் கூடாது. பாட்டில் மூடியில் ஒரு டீஸ்பூன் தூள் உப்பு போட்டு, ஈர மணல்போல் ஆகும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் ஒரே ஜிப் கவரில் போட்டு, உப்பு மீட்டரில் படாமல் மூடி, வெயில் படாத இடத்தில் 8 முதல் 12 மணி நேரம் விட்டுவிடுங்கள். கவருக்குள் காற்று 75 சதவீதத்துக்கு வந்து நின்றிருக்கும். மீட்டர் 69 காட்டினால், அந்த 6ஐ ஸ்டிக்கரில் எழுதி முதுகில் ஒட்டிவிடுங்கள். இனி எப்போதும் கூட்டிக்கொள்ளலாம். கல் உப்பு இதற்கு ஆகாது, அதிலிருக்கும் மெக்னீசியம் உப்பு அளவைக் கீழே இழுத்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள். எப்போதும் ஈரத்திலேயே இருக்கும் சென்சார் சீக்கிரம் தடம் மாறும்.

மீட்டரை உள்ளே ஒட்டும்போது இரட்டைப் பக்க டேப் வேண்டவே வேண்டாம். ஓரத்தில் சிறிது பசை வெளியே தெரிந்தாலும் டாரன்டுலாவின் பாதத்து முடிக்கற்றை அதில் சிக்கிக்கொள்ளும், இழுக்கும்போது கால் கழன்றுவிடக்கூடும். வெளியிலிருந்து ஒரு காந்தம், உள்ளே ஒரு காந்தம் என்று பிடிக்க வைப்பது பாதுகாப்பு.

ஈரத்தை அளக்க ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் நாங்கள் சொல்வது சமையலறைத் தராசு. 5 கிலோ வரை தாங்கி ஒரு கிராம் துல்லியம் தருவது போதும். சரியான ஈரத்தில் அமைத்த அன்றே பெட்டியை எடைபோட்டு, பக்கவாட்டில் எழுதிவிடுங்கள். 20 செ.மீ. அக்ரிலிக் பெட்டி சிலந்தியோடு 2,600 கிராம் இருந்தது, இன்று 2,520 என்றால், 80 மில்லி தண்ணீர் ஆவியாகிவிட்டது என்று பொருள். ஒவ்வொரு முறையும் கிண்ணத்தை ஒரே அளவுக்கு நிரப்பிவிட்டு எடைபோட வேண்டும், இல்லாவிட்டால் கிண்ணத்துத் தண்ணீர் குறைந்தது மண்ணின் கணக்கில் சேர்ந்துவிடும். சிலந்தி தின்று பெருப்பது சில கிராம்தான், அதை விட்டுவிடலாம். தராசில் வைக்க முடியாத பெரிய கண்ணாடித் தொட்டிக்கு ஒரு மார்க்கர் பேனா போதும். கோகோபீட் ஈரமாக இருந்தால் கரும்பழுப்பு, காய்ந்தால் வெளிர்பழுப்பு. அந்த எல்லைக்கோடு கண்ணாடி வழியே நன்றாகத் தெரியும். தேதி போட்டு வெளிப்பக்கம் கோடு இழுத்தால் ஈரம் எவ்வளவு வேகத்தில் கீழே இறங்குகிறது என்று இரண்டு வாரத்தில் பிடிபட்டுவிடும்.

கோகோபீட்

காசுக்கு மதிப்பான பொருள் என்று பார்த்தால் இதற்குத்தான் முதலிடம். மேல்நாட்டுச் செல்லப்பிராணிக் கடைகளில் ஊர்வனத் தொட்டிக்கென்று அழகான உறையில் விற்கும் 650 கிராம் கட்டியும் அடிப்படையில் தேங்காய் நார்த்தூள்தான். அதை உலகச் சந்தைக்கு அனுப்புவதில் இந்தியாவும் இலங்கையும் முன்னணியில் இருக்கின்றன. பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டைப் பக்கம் தூளைக் காயவைத்துக் கட்டியாக அழுத்தி ஏற்றுமதி செய்யும் ஆலைகள் நிறைய. நம் ஊரில் இருப்பவர்கள் நர்சரிக்குப் போய் 5 கிலோ கட்டி ஒன்று வாங்கினால் ஊறவைத்ததும் 70 லிட்டருக்குப் பக்கமாக விரியும்.

நர்சரியில் வாங்கும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று உப்பு. உவர்நீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து வரும் தூளில் சோடியம் நிற்கும். ‘லோ இசி’ (மின்கடத்தல், அதாவது உப்பு, குறைவு) அல்லது ‘கழுவியது’ என்று போட்ட கட்டியாகப் பார்த்து வாங்குங்கள். மின்கடத்தல் அளவு 0.5 மில்லிசீமென்ஸுக்குக் கீழே என்று உறையில் இருந்தால் நல்லது. சந்தேகமிருந்தால் வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் பிழிந்து, இதையே மூன்று முறை செய்யுங்கள். வீட்டில் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் கடைசியாகப் பிழிந்த நீரை அளந்து பாருங்கள். ஊற்றிய தண்ணீரின் அளவைவிடப் பெரிதாக ஏறியிருக்கக் கூடாது.

இரண்டாவது விஷயத்தில் இன்னும் அதிகக் கவனம் வேண்டும். மாடித்தோட்டத்துக்கென்று விற்கும் தயார் கலவையைத் தொடவே கூடாது. அதில் வேப்பம் புண்ணாக்கு சேர்த்திருப்பார்கள். வேம்பில் உள்ள அசாடிராக்டின் பூச்சிகளின் தோலுரிப்பைக் கெடுப்பதால்தான் அது பூச்சிவிரட்டியாக வேலை செய்கிறது. டாரன்டுலாவும் தோலுரித்து வளரும் உயிர், அது தின்னும் பாச்சையும் அப்படியே. வெறும் கோகோபீட் கட்டி மட்டும் கேட்டு வாங்குங்கள்.

650 கிராம் கட்டிக்கு 3 முதல் 4 லிட்டர் தண்ணீர் விட்டால் 7 முதல் 8 லிட்டர் தூள் கிடைக்கும். கைநிறைய அள்ளி இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் சொட்டினால் அதிகம். கையைத் திறந்ததும் சிதறிப்போனால் போதாது. புட்டுக்குப் பிசறிய மாவுபோல், பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம்.

வெறும் கோகோபீட்டுக்கு ஒரு குறை உண்டு: காய்ந்தால் வளை இடிந்து விழும். மண்ணைத் தோண்டும் இனங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு சலித்த செம்மண் சேர்த்து, 3 செ.மீ. அடுக்கு அடுக்காகக் கையால் அழுத்தி நிரப்புங்கள். உரமோ மருந்தோ படாத இடத்து மண்ணாக இருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் வெள்ளைப் பூஞ்சை நூல் படரலாம். புதுக் கோகோபீட்டில் அது வழக்கம்தான். ஸ்பிரிங்டெயில் பூச்சிகளை ஒரு கரண்டி விட்டால் தின்று தீர்த்துவிடும், சிலந்தியை அவை ஒன்றும் செய்யாது.

தண்ணீர் எங்கே, எவ்வளவு

மேலே தெளிப்பதைவிட மூலையில் ஊற்றுவதே சரி. அமைக்கும்போதே ஒரு மூலையில் குழாய்த் துண்டு ஒன்றை அடிவரை நிறுத்திவிட்டால் அதன் வழியே தண்ணீர் நேராக அடி அடுக்குக்குப் போய்ச் சேரும், மேல்பரப்பு காய்ந்தே இருக்கும். குழாயின் மேல் வாயைச் சிலந்தி நுழையாதபடி மூடி வையுங்கள். அளவு இனத்தைப் பொறுத்தது.

மெக்சிகோவின் பசிபிக் கரையோரத்து பிராக்கிபெல்மா ஹமோரி, அர்ஜென்டினா, பராகுவே பக்கத்து கிராம்மோஸ்டோலா புல்கிரிபெஸ் போன்றவற்றுக்கு மண் காய்ந்திருக்கலாம். கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும், 30 செ.மீ. தொட்டியின் ஒரு மூலையில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை 50 முதல் 100 மில்லி ஊற்றினால் போதும். தென் அமெரிக்க மழைக்காட்டு தெரபோசா ஸ்டிர்மிக்கு இந்தக் கணக்கு ஆகாது. 15 முதல் 20 செ.மீ. ஆழ மண், அதில் கீழ் மூன்றில் இரண்டு பங்கு என்றும் ஈரமாக இருக்க வேண்டும். மேலே 2–3 செ.மீ. வெளிறியதும் 45 செ.மீ. தொட்டிக்கு 300 முதல் 500 மில்லியை நான்கு மூலைகளுக்கும் பிரித்து ஊற்றுங்கள். அடியில் தண்ணீர் தேங்கிவிட்டால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்த நாற்றம் வந்த மண்ணைக் காயவைத்துச் சரிசெய்ய முடியாது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

நம் மரப்பொந்துச் சிலந்திகள், அதாவது பொயிசிலோத்தீரியா இனங்கள், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே உரியவை. நீல நிற மெட்டாலிகா 1899இல் ஆந்திரத்தின் குத்தி ரயில் நிலையத்து மரக்கிடங்கில் கிடைத்த சிலந்தியிலிருந்து விவரிக்கப்பட்டது. இன்று அருகிவரும் இனங்களில் மிக ஆபத்தான நிலையில் இருக்கிறது. இந்தப் பேரினம் முழுவதும் 2019 முதல், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. காட்டிலிருந்து பிடித்ததை யார் விற்றாலும் வாங்காதீர்கள். வளர்ப்பில் பிறந்தது என்பதற்கான ஆவணம் கேளுங்கள். சிங்கப்பூரில் டாரன்டுலா வளர்க்கவே அனுமதி இல்லை. முறையாக வைத்திருப்பவர்கள், செங்குத்தாக நிறுத்திய கார்க் மரப்பட்டையின் அடிப்பகுதி ஈர மண்ணில் புதைந்திருக்கும்படி அமைத்தால், பட்டைக்குப் பின்னால் தேவையான ஈரம் தானாக நிற்கும்.

பெட்டி

எக்ஸோ டெர்ரா வகைக் கண்ணாடித் தொட்டிகளின் நல்ல அம்சம் முன்கதவுக்குக் கீழே இருக்கும் காற்றுத் துளைப் பட்டை. கீழே நுழையும் காற்று மேல் வலை வழியே போகும். ஆனால் மேல்மூடி முழுக்க உலோக வலையாக இருக்கும் எந்தத் தொட்டியிலும் இரண்டு சிக்கல்: ஏசி அறையிலும், ஹீட்டர் ஓடும் கனடா, பிரிட்டன் குளிர்காலத்திலும் மண் மளமளவென்று காய்ந்துவிடும், தலைகீழாகத் தொங்கும் சிலந்தியின் நகம் வலைக்கண்ணில் மாட்டிக் காலை இழக்கும். வலையை எடுத்துவிட்டு, 3 மி.மீ. துளைகள் போட்ட அக்ரிலிக் தகட்டைப் பொருத்துவதுதான் முழுத் தீர்வு. தகடு 5 மி.மீ. கனமாவது இருக்கட்டும். மெல்லிய அக்ரிலிக்கின் உட்பக்கம் ஈரத்தை உறிஞ்சி விரியும், வெளிப்பக்கம் காய்ந்திருக்கும், சில வாரங்களில் தகடு வில்லாக வளைந்து ஓரத்தில் இடைவெளி விடும். குட்டிச் சிலந்தி தப்பிக்க அந்த இடைவெளி தாராளம்.

அக்ரிலிக் பெட்டி வாங்கினால் துளைகள் மேலே மட்டும் இருப்பதைத் தவிருங்கள். ஒரு பக்கச் சுவரில் மண்ணுக்குச் சற்று மேலே ஒரு வரிசை, எதிர்ச்சுவரில் உச்சியில் ஒரு வரிசை இருக்க வேண்டும். மார்ட்டினிக் தீவின் கரிபெனா வெர்சிகலர் குட்டிகள் பெட்டிக்குப் பெட்டி செத்துப்போவதற்கு, ஈரம் கூட்டுகிறோம் என்று காற்றை அடைத்துவிடுவதுதான் காரணம் என்பது அனுபவமுள்ள வளர்ப்பாளர்களின் கருத்து. எங்களுக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. காலையில் கண்ணாடியில் படிந்த பனி மதியத்துக்குள் மறைந்தால் காற்றோட்டம் சரி. நாள் முழுக்க நின்றால் துளை போதாது.

மற்றவை

ஃபாகர்: வாங்க வேண்டாம். மேல்பரப்பை நனைக்கும், அடிமண்ணுக்கு எதுவும் போய்ச் சேராது. ஃபாகருக்குள் இருக்கும் தண்ணீரில் கிருமி வளர்ந்தால் அதையும் சேர்த்துக் காற்றில் பரப்பும்.

ஸ்பிரேயர்: மரத்தில் வாழும் இனங்களுக்கு வாரம் ஒன்றிரண்டு முறை சிலந்தி பின்னிய வலையின் ஓரத்தில் நாலைந்து அடி அடித்தால் துளிகளைக் குடிக்கும். சிலந்தியின் மேல் நேராக அடிக்காதீர்கள். மற்ற இனங்களுக்குத் தேவையே இல்லை.

ஸ்பாஞ்சும் தண்ணீர் ஜெல்லும்: சிலந்தி மூழ்கிவிடும் என்ற பயத்தில் விற்பவை. டாரன்டுலா அவ்வளவு சுலபத்தில் மூழ்காது. ஸ்பாஞ்சில் பாச்சைக் கழிவு ஊறி நாறும். கனமான பீங்கான் கிண்ணம், 6 முதல் 8 செ.மீ. அகலம், வெறும் தண்ணீர். அவ்வளவுதான்.

ஸ்பாக்னம் பாசி: தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீர் பிடிக்கும். தெரபோசா தொட்டியில் கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு கைப்பிடி வைக்கலாம். அதிகம் போட்டால் பாச்சைகள் ஒளிந்துகொள்ளும்.

அடியில் வைக்கும் ஹீட் மேட்: ஈரத்துக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை. சூட்டிலிருந்து தப்பக் கீழே தோண்டுவது சிலந்தியின் இயல்பு; இங்கே தோண்டத் தோண்டச் சூடும் வறட்சியும் கூடும். தமிழ்நாட்டில் சூடேற்றும் அவசியமே கிடையாது. குளிர்நாட்டில் அறையையே 22 டிகிரிக்கு மேல் வைப்பது நல்லது. முடியாவிட்டால் மேட்டைப் பக்கச் சுவரில் தெர்மோஸ்டாட்டோடு மாட்டுங்கள்.

உடம்பில் தெரிவது

வயிறு சுருங்கி ஓரம் மடிப்பு விழுந்தால் சிலந்திக்குத் தாகம். ஈரத் துணி விரித்த டப்பாவில் அடைக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆழமில்லாத கிண்ணத்தின் விளிம்பில், கோரைப்பற்களுக்கு அடியில் இருக்கும் வாய்ப்பகுதி தண்ணீரைத் தொடும்படி மெதுவாக வையுங்கள். முன்னுடம்பைத் தாழ்த்தி அசையாமல் நெடுநேரம் குடிக்கும்; வயிறு திரும்ப உருளுவது கண்ணுக்கே தெரியும்.

தோலுரிக்கும்போது மல்லாந்து கிடக்கும். பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே ஓடும் திரவம்தான் கால்களை உறையிலிருந்து வழுக்கி வெளியே எடுக்க உதவுகிறது. அந்தத் திரவம் உடம்பிலிருக்கும் நீரிலிருந்து வருவது. அன்றைக்கு ஸ்பிரே அடித்து அதை உண்டாக்க முடியாது. இரை எடுப்பதை நிறுத்திய வாரங்களில் கிண்ணம் காயாமல் பார்த்துக்கொண்டால்தான் உண்டு. மல்லாந்த சிலந்தியைத் தொடாமல், தொட்டிக்குள் இருக்கும் பாச்சைகளை மட்டும் எடுத்துவிடுங்கள்.

2 செ.மீ.க்கும் சிறிய குட்டிகளுக்கு மெழுகுப் பூச்சு மெல்லியது, உடம்பில் இருப்பு நீரும் குறைவு. 60 மில்லி மூடியுள்ள கப்பில் பாதிக்குக் கோகோபீட், சூடான ஊசியால் பக்கத்தில் எட்டுப் பத்துத் துளை. ஊசித்துளை குட்டியின் முன்னுடம்பைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். சிரிஞ்சால் ஒரு ஓரத்தில் மட்டும் 2 மில்லி விட்டு, எதிர் ஓரத்தைக் காய விடுங்கள். எது வேண்டுமோ அந்தப் பக்கம் குட்டி நகர்ந்துகொள்ளும். ஈரமான ஓரம் வெளிறத் தொடங்கியதும் அடுத்த 2 மில்லி. அது ஏசி அறையில் நான்கு நாளில் வரலாம், மழைக்காலத்துச் சென்னையில் பத்து நாளும் ஆகலாம்.